பெங்களூர்ப் பேட்டை: தெருப்பெயர்களும் அன்றாட மொழிவழக்கும்

பெங்களூர் நகரின் பழம்பகுதியைக் கன்னட மக்கள் 'பேட்டெ' என வழங்குவர். கெம்பேகௌடர் 1537இல் மண்கோட்டை எழுப்பித் தோற்றுவித்த நகரம் இதுவே என்பது மரபு. நான்கு இணை எருதுகளை ஏரிற் பூட்டி நான்கு திசையிலும் செலுத்தினர் என்றும், அவை உழுத கோடுகளே முதல் தெருக்களாயின என்றும் கூறும் கதை இன்றும் வழங்குகிறது. அக்கோடுகள் தொடங்கிய இடம் எனக் காட்டப்படும் நாற்சந்தியைச் சுற்றி, சிக்பேட்டெ, பளேபேட்டெ, நகர்த்பேட்டெ, அக்கிபேட்டெ, அரளேபேட்டெ, தரகுபேட்டெ, கும்பாரபேட்டெ, காணிகரபேட்டெ, திகளரபேட்டெ, கப்பன்பேட்டெ எனப் பல பேட்டெகள் ஒரு நடைத்தொலைவுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன.

இப்பெயர்களிற் பெரும்பாலானவை ஒரு பண்டத்தையோ ஒரு தொழிற்குழுவையோ சுட்டுவன. பெயர்கள் நிலைத்துள்ளன, அவை சுட்டிய தொழில்களுள் பல இடம்பெயர்ந்துவிட்டன, தொழிலோடு தெருவில் வாழ்ந்த குடும்பங்களின் வீட்டுமொழிகளும் உடன் பெயர்ந்துவிட்டன. கன்னட நினைவுக்குறிப்பு, புதினம், அரசு ஆவணம் ஆகியவற்றைத் தமிழாக்கும்போது இப்பெயர்கள் மிக எளியனவாகத் தோன்றும். பேட்டெ என்பதைப் பேட்டை என எழுதிவிட்டால் முடிந்தது என்றே மொழிபெயர்ப்பாளர் பலரும் கருதுவர். அவ்வெளிமையே இடர்ப்பாட்டின் தோற்றுவாய் என்பதை அப்பகுதியின் அன்றாட வாழ்க்கை வரலாற்றின்வழி இக்கட்டுரை காண முயல்கிறது.

கோட்டெயும் பேட்டெயும்

பெங்களூரின் பழைய அமைப்பு இரு கூறுகளை உடையது. தெற்கே அரசர்க்கும் படைக்கும் உரிய கோட்டை. வடக்கே வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் உரிய பேட்டெ. பேட்டெக்கும் தனி மதிலும் அகழியும் முள்வேலியும் இருந்தன. காரன்வாலிசின் படை 1791 மார்ச்சு 7ஆம் நாள் பேட்டெயைக் கைப்பற்றியது. கோட்டையைக் கைப்பற்ற மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. இவ்விரண்டும் தனித்தனி இலக்குகளாக இருந்தமை இதனால் விளங்கும். பேட்டெயின் வாயில்கள் அவற்றின்வழிச் சென்றடையும் ஊர்களின் பெயரால் அல்சூர் வாயில், எலகங்கா வாயில், ஆனேக்கல் வாயில், கெங்கேரி வாயில் என வழங்கின. உள்ளே தெருக்களுக்குப் பண்டங்களின் பெயர். வெளிச்செல்லும் வாயில்களுக்கு ஊர்களின் பெயர். வணிக நகரம் ஒன்று தன்னைத்தானே பெயரிட்டுக்கொண்ட முறை இது.

கன்னடத்தில் கோட்டெ, பேட்டெ என்னும் இரண்டும் எதுகைச் சொற்கள். தமிழிலும் கோட்டை, பேட்டை என அவை அவ்வாறே நிற்கின்றன. எனினும் ஒலியமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு. நெட்டுயிரை அடுத்துவரும் இரட்டை வல்லினம் தமிழில் நிலைத்திருக்கக் கன்னடத்தில் ஒற்றையாகிவிட்டது. தோட்டம், ஓட்டம், ஆட்டம், கூட்டம் ஆகியவற்றுக்கு நேரான கன்னடச் சொற்களில் டகரம் ஒற்றையாக, ஆயினும் ஒலிப்பின்றி, ஒலிக்கிறது. தமிழ் எழுத்துமுறையில் உயிரிடை ஒற்றை டகரம் ஒலிப்புடையதாகவே படிக்கப்படும். எனவே கன்னட ஒலிக்கு நெருங்கி எழுத விரும்புவோர் மீண்டும் டகரத்தை இரட்டித்தே எழுத வேண்டியுள்ளது. அவ்வாறு எழுதியவுடன் அச்சொல் தமிழ்ச் சொல்லாகிவிடுகிறது. படிப்பவர் தமிழ்ப் பொருளையே கொள்கிறார். ஒலிபெயர்ப்பே பொருள்பெயர்ப்பாக மாறிவிடும் விந்தை இங்கு நிகழ்கிறது. இக்கட்டுரையில் கன்னட வடிவம் எகர ஈற்றுடனும் தமிழ் வடிவம் ஐகார ஈற்றுடனும் எழுதப்படுதல் அதனாலேயே ஆகும்.

பொருளில் இரண்டும் விலகி நிற்கின்றன. கன்னடத்தில் பேட்டெ என்பது சந்தை, கடைவீதி, நகரம் என்னும் பொருள்களை உடைய உயிருள்ள பொதுச்சொல். 'பேட்டெக்குப் போய்வருகிறேன்' என்று சிற்றூர்க் கன்னடர் கூறினால் கடைகண்ணிக்குச் செல்வதையோ நகருக்குச் செல்வதையோ குறிக்கும். தமிழில் பேட்டை ஊர்ப்பெயர்களின் ஈறாகவே மிகுதியும் நின்றுவிட்டது. தனித்து வரும்போது, குறிப்பாகச் சென்னைப் பேச்சில், ஒருவர் வாழும் வட்டாரத்தை உரிமையோடு சுட்டும். அதே தொடரைச் சென்னையார் ஒருவர் கூறின் அவர் தம் குடியிருப்புக்குத் திரும்புகிறார் என்றே கொள்ள நேரும்.

பழங்கன்னடத்துச் சொன்முதற் பகரம் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று என்பது மொழிநூலார் அறிந்த செய்தி. பள்ளி ஹள்ளியாயிற்று, பாலும் பூவும் அவ்வாறே மாறின. பேட்டெ மாறவில்லை. அம்மாற்றம் நடந்து முடிந்த பின்னரே இச்சொல் கன்னடத்தில் பரவியிருத்தல் வேண்டும் எனக் கருத இடமுண்டு. விசயநகரக் காலத்தில் மதில்சூழ்ந்த வணிகக் குடியிருப்புகள் பெருகியமையும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பெங்களூர் என்னும் பெயரோ இதனினும் பழையது. வீர வல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த அவரைக்கொட்டை கொடுத்தமையால் 'பெந்தகாளூரு' ஆயிற்று என்னும் கதை போசளர் காலத்தது. பேகூரிலுள்ள நடுகல்லோ ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்தது. அதிலேயே பெங்களூரு என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கதை சுவையானது, காலம் பொருந்தவில்லை.

பண்டத்தின் பெயரும் குழுவின் பெயரும்

பேட்டெப் பெயர்களிற் பண்டம் சுட்டுவனவற்றைத் தமிழறிந்தோர் சிறிது முயன்றாற் புரிந்துகொள்ளலாம். பளெ என்பது வளை. கன்னடத்தில் சொன்முதல் வகரம் ஒலிப்புடைய இதழ்வெடிப்பொலி ஆகும் என்னும் விதியை நினைத்தாற் போதும். பளேபேட்டெ வளையற்கடைத் தெரு. அக்கி என்பது அரிசியின் இனச்சொல். அரளெ என்பது பஞ்சு. பருத்திச் செடிக்கும் அதன் காய்ப்பஞ்சுக்கும் கன்னடத்தில் ஹத்தி என்னும் வேறு சொல் உண்டு. அது பருத்தியோடு இனமானது. தெருப்பெயராக ஹத்தி வராமல் அரளெ வந்திருப்பது நோக்கத்தக்கது. தரகு கன்னடத்திலும் வழங்கும் சொல்லே. தரகுபேட்டெ தானிய மொத்த வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். தரகர் இன்றித் தானிய வணிகம் அன்று நடந்ததில்லை.

குழு சுட்டும் பெயர்கள் வேறு வகையின. கும்பாரர் குயவர். காணிகர் எண்ணெய் ஆட்டுவோர். காண என்பது செக்கு. உப்பாரர் உப்புக் காய்ச்சுவோராகவும் மண்வேலை செய்வோராகவும் இருந்தவர். குருபர் ஆடு வளர்ப்போர்; தமிழிலக்கியக் குறும்பரோடும் குறும்பாட்டோடும் ஒப்பிடத்தக்க பெயர் இது. நகர்த்தர் வணிகக் குழுவினர். கப்பன்பேட்டெ மட்டும் ஓர் ஆங்கிலேயர் பெயரைத் தாங்கியது. 1834 முதல் 1861 வரை மைசூரின் ஆணையராக இருந்த மார்க் கப்பனின் பெயர் அது. ஆயினும் அங்கு வாழ்ந்தவர் நெசவாளரே. நெசவுத் தேவாங்கரில் கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் உண்டு. ஆகவே ஒரு தொழிற்பெயர் ஒரு மொழியைச் சுட்டும் எனக் கொள்வது பிழையாகும்.

தொட்டபேட்டெ, அதாவது பெரிய பேட்டெ, ஆங்கிலேயர் காலத்தில் அவென்யூ சாலை ஆயிற்று. சிக்க என்றால் சிறிய. சிக்பேட்டெ பெயர் மாறவில்லை. பெரியது எங்கே எனக் கேட்பாரில்லாத நிலையிலும் சிறியது சிறியதாகவே வழங்குகிறது.

வீடும் கடையும்

பேட்டெயின் பழைய வீடுகள் முகப்பிற் குறுகியும் உள்ளே நீண்டும் அமைந்தவை. தெருவை ஒட்டிய திண்ணையிற் கடை. அதன் பின்னே முற்றம். முற்றத்தைச் சுற்றி அறைகள். இம்முற்ற வீட்டைக் கன்னடர் 'தொட்டிமனெ' என்பர். தமிழ்நாட்டுத் தொட்டிக்கட்டு வீடு இதற்கு நேரானது. வணிகமும் குடித்தனமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. கடையில் ஒரு மொழியும் முற்றத்தில் வேறொரு மொழியும் பேசுவது இங்கு இயல்பாயிற்று. தெலுங்கோ மராத்தியோ தமிழோ அடுக்களையில் வழங்க, வாங்க வந்தவரோடு கன்னடமோ தக்கணி உருதுவோ பேசப்பட்டது. இருமொழியம் என்னும் கலைச்சொல் கல்வியால் வரும் இருமொழிப் புலமையையே மிகுதியும் நினைவூட்டும். இங்கோ ஒரு கதவைக் கடப்பதே மொழியை மாற்றுவதாக இருந்தது. கன்னட நாடகத்தில் நகர்ப்புறக் குடும்பங்களின் கலப்புப் பேச்சை மேடையேற்றிய தி.ப. கைலாசம் (1884–1946), சிறுகதைக்கு வடிவம் தந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் ஆகிய இருவருக்கும் வீட்டுமொழி தமிழ் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

வீட்டைச் சுற்றிய சொற்களிலும் இனச்சொற்களின் இடர் தொடர்கிறது. மனெ கன்னடத்தில் வீடு. தமிழில் மனை இன்று விற்பனைக்குரிய வெற்றுநிலம். கடெ கன்னடத்திற் பக்கம், திசை. தமிழிற் கடை பண்டம் விற்குமிடம். விற்குமிடத்தைக் கன்னடர் அங்கடி என்பர். நமக்கு அங்காடி சிலப்பதிகாரத்திலும் அரசுப் பலகையிலும் மட்டும் வாழும் சொல். எனவே கன்னடப் புதினத்தில் ஒரு சிறுவன் 'அங்கடிக்கு' ஓடினால் தமிழில் அவன் கடைக்கு ஓடுதலே முறை. அங்காடிக்கு ஓடுபவன் வேறொரு நூற்றாண்டிலிருந்து வந்தவனாகத் தோன்றுவான்.

இவை எல்லாவற்றினும் கவனத்துக்குரியது கேரி என்னும் சொல். சொன்முதற் ககரம் முன்னுயிருக்குமுன் தமிழிற் சகரமாதல் பொதுவிதி. கேரி–சேரி அவ்வாறு அமைந்த இணை. கன்னடத்தில் கேரி என்பது ஒரு குழுவினர் வாழும் தெரு; அந்தணர் தெருவும் கேரியே, குயவர் தெருவும் கேரியே. சங்க காலத் தமிழிலும் சேரி பொதுவான குடியிருப்பைச் சுட்டியது. இன்றைய தமிழில் அது ஒடுக்கப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட சொல்லாகிவிட்டது. சொற்பிறப்பை நம்பிக் கேரியைச் சேரி என எழுதினால் ஒரு தெருவின் சமூக நிலையையே மாற்றி எழுதியதாகும். இத்தகைய இடத்தில் ஒப்பியல் அறிவு மொழிபெயர்ப்பாளரைக் காப்பதற்கு மாறாகச் சறுக்கிவிடவும் கூடும் என்பதை ஒப்பியலார் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

கொள்ளைநோய்க்குப் பின்

1898 ஆகத்தில் பெங்களூரில் பரவிய கொள்ளைநோய் பேட்டெயின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தது. நெருங்கிய வீடுகளும் காற்றோட்டமற்ற சந்துகளும் நோய்க்கு இடமாயின எனக் கண்ட அரசு, அகன்ற சாலைகளும் துப்புரவுச் சந்துகளும் கொண்ட பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய விரிவாக்கப் பகுதிகளை விரைந்து வளர்த்தது. வசதியுடையோர் அங்குக் குடியேறினர். கடை மட்டும் பேட்டெயில் நின்றது. வீடும் கடையும் பிரிந்தன. காலையிற் பேட்டெக்கு வந்து இரவில் விரிவாக்கத்துக்குத் திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. 'பேட்டெக்குப் போதல்' என்னும் தொடர் நகரத்துக்குள் வாழ்வோர்க்கும் பொருந்துவதாயிற்று.

அக்காலத்தை ஒட்டி மாற்றங்கள் விரைந்தன. 1890களில் எசரகட்டத் திட்டத்தால் குழாய்நீர் வழி திறந்தது. 1905இல் மின்விளக்கு வந்தது. 1928இல் கிருஷ்ணராசேந்திரர் பெயரால் அமைந்த சந்தை முன்னர்ச் சித்திக்கட்டெ என்னும் நீர்நிலை இருந்த இடத்தில் எழுந்தது. முற்றங்கள் மூடப்பட்டுக் கிடங்குகளாயின. குசராத்திலிருந்தும் இராசத்தானத்திலிருந்தும் வந்த வணிகர் துணி, பொன், மின்பொருள் வாணிகத்தில் இடம் பெற்றனர். பளேபேட்டெயில் வளையலோடு இசைக்கருவிகளும் விற்கப்படலாயின. சுல்தான்பேட்டெ திருமண அழைப்பிதழ் அச்சுக்குப் பெயர் பெற்றது. அவென்யூ சாலை பழைய பாடநூல்களின் தெருவாயிற்று. தானிய மொத்த வணிகத்தின் பெரும்பகுதி யசுவந்தபுரத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பெயர்ந்தது.

இதனால் மொழிவழக்கில் நேர்ந்த மாற்றத்தை எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. பேட்டெயில் இன்றும் பல மொழிகள் ஒலிக்கின்றன. ஒருவேளை முன்னினும் மிகுதி. சிக்பேட்டெத் துணிக்கடைப் பணியாளர் வாயிலில் நுழைவோரின் முதற்சொல்லைக் கேட்டு அடுத்த சொல்லைக் கன்னடத்திலோ தமிழிலோ தெலுங்கிலோ இந்தியிலோ அமைத்துக்கொள்கிறார். ஆனால் அவர் அறிந்த தமிழ் நிறம், அளவு, விலை, தள்ளுபடி என்னும் எல்லைக்குள் நிற்பது. தாலாட்டும் வசையும் ஒப்பாரியும் அதிலில்லை. முற்றத்தில் வளர்ந்த மொழிக்கும் கடைமேசையில் வளர்ந்த மொழிக்கும் உள்ள இவ்வேறுபாடு, மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழிப் பத்தியில் இடம்பெறுவதில்லை.

2017 சூனில் சிக்பேட்டெயிலும் கிருஷ்ணராசேந்திரர் சந்தையிலும் நிலத்தடி மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டன. அடுத்த மாதமே பெங்களூர் மெட்ரோவின் பெயர்ப்பலகைகளில் இந்தி எழுத்து இடம்பெற்றமைக்கு எதிர்ப்பு எழுந்தது. அவ்வெழுத்துகள் பின்னர் நீக்கப்பட்டன. மேலே தெருவில் நாள்தோறும் ஒலிக்கும் மொழி, கீழே பலகையில் எழுத்தாக நின்றபோது ஏற்கப்படவில்லை. பேச்சில் இடம் பெறுவதும் எழுத்தில் இடம் பெறுவதும் மக்கள் மனத்தில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தண்டும் திகளரும்

பெங்களூரில் தமிழ் என்றவுடன் 1809இல் அமைந்த படைக்குடியிருப்பே நினைவுக்கு வரும். கன்னடர் அதனைத் 'தண்டு' என்றனர். தண்டு மாரியம்மன் கோயில் அப்பெயரை இன்றும் காக்கிறது. படையோடும் படைக்குப் பொருள் வழங்கும் தொழிலோடும் வந்த தமிழர் அங்குக் குடியேறினர். பேட்டெயும் தண்டும் 1949 வரை தனித்தனி ஆட்சியமைப்புகளின்கீழ் இருந்தன. ஆயின் இவ்வட்டாரத்துத் தமிழ் தண்டினும் பழமையானது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் எனக் குறிக்கின்றன.

பேட்டெக்குள்ளேயே தமிழோடு தொடர்புடைய பெயர் ஒன்று உண்டு. அது திகளரபேட்டெ. திகள, திகுள என்னும் சொல் கன்னடத்தில் தமிழரைக் குறிப்பது. போசளர் காலக் கன்னடக் கல்வெட்டுகளிலும் அது வருகிறது. கிரந்தத்தோடு உறவுடைய எழுத்துமுறை ஒன்று கருநாடகத்தில் திகளாரி எனப் பெயர் பெற்றதும் இதனாலேயே. திகளர் தோட்டக் கலைஞர். காய்கறியும் பூவும் பயிரிட்டு நகருக்கு வழங்கியவர். அவர்தம் தோட்டங்களுக்கு நீர் தந்தவை பேட்டெயைச் சூழ்ந்த ஏரிகள். குழாய்நீர் வந்தபின் ஏரிகள் பேணப்படவில்லை. தர்மாம்புதி ஏரி கெம்பேகௌடர் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. நீர் போனபின் தோட்டம் போயிற்று. தோட்டம் போனபின் தொழிற்சொற்களும் அவற்றைச் சொல்லிக்கொடுத்த வீட்டுப்பேச்சும் தளர்ந்தன. திகளர் இன்று பொதுவாழ்வில் கன்னடரே. வீட்டில் தமிழ் சார்ந்த பேச்சு சில குடும்பங்களில் எஞ்சியுள்ளது.

எனவே திகளரபேட்டெ என்பதைத் 'தமிழர் பேட்டை' எனத் தமிழாக்குவது சொற்பிறப்பின்படி சரி. அங்கு வாழ்வோர் தம்மை அழைத்துக்கொள்ளும் முறைப்படி தவறு. அப்பெயர் அயலார் இட்ட பெயர். தம்மை வன்னிகுலத்தார் என வழங்கும் அம்மக்கள் மீது, தமிழில் எழுதுகிறோம் என்னும் உரிமையால் மட்டும், நாம் மற்றொருமுறை ஒரு பெயரை ஏற்றுவது முறையாகாது. மறுபுறம், திகளர் என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் தமிழ் வாசகர்க்கு நூற்றாண்டுகளின் உறவொன்று கண்ணிற் படாமற் போகிறது. பெயரை அவ்வாறே வைத்து, முதல்முறை வருமிடத்தில் கதையோட்டத்துக்குள்ளேயே ஒரு தொடரால் விளக்குவது ஏற்புடையதெனத் தோன்றுகிறது. அடிக்குறிப்பு இதற்குப் போதாது. அடிக்குறிப்பைப் படிப்போர் ஏற்கெனவே அறிந்தவராகவே இருப்பர்.

திகளரபேட்டெத் தர்மராயர் கோயிலின் கரகம் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு இரவில் புறப்படுகிறது. வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் வழிபாட்டோடு ஒப்பிட்டு ஆராயத்தக்க விழா இது. கரகம் என்னும் சொல்லும் இரு மொழிக்கும் பொது. பெண்கோலம் பூண்ட பூசாரி மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கி வர, வீரகுமாரர் வாளேந்திச் சூழ்கின்றனர். சடங்குகளுக்காகச் சம்பங்கி ஏரியில் ஒரு சிறு குளம் மட்டும் விளையாட்டரங்கின் அருகே விடப்பட்டுள்ளது. கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் செல்கிறது. பேட்டெகளின் சந்துகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறது. வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் அவ்விரவில் தம் பழைய தெருக்களுக்குத் திரும்பி வருகின்றன. விடியும் வேளையிற் கரகம் கோயிலை அடைகிறது. தெருவில் உதிர்ந்த மல்லிகை பெருக்கப்பட்டபின் கடைகள் திறக்கின்றன.